வெட்டுக்கிளியின் ஹாரன்

ஹாசன் பக்கத்துக் கிராமம்
4 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பி ரிஷப்புக்கு,

ஜெய் ஜினேந்திரா.

அக்கா என்று கையெழுத்துப் போடலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டே எழுதுகிறேன். போன வருஷம் மாசியில் ஆரணி பஸ் ஸ்டாண்டில் வைத்து, "இந்த பஸ்ஸுல ஏறுன, அதோட எனக்கு அக்கா கெடையாது" என்று நீ சொன்னாய். நான் ஏறினேன். அதற்குப் பிறகு நீ பேசவில்லை. நானும் போனை வேண்டாம் என்று விட்டுவிட்டேன், அதனால்தான் இந்தக் கடிதம். கிழித்துப் போடுவதானால் அம்மா கண்ணில் படாமல் கிழி.

மழைக்காலம் நான்கு மாதமும் எங்கள் துறவிகள் சங்கம் இங்கேதான் தங்கும். மழையில் வழியெங்கும் பூச்சி புழு இருக்குமல்லவா, நடக்கக் கூடாது. தீபாவளி கழிந்து, கார்த்திகை பிறந்த பிறகு எனக்குத் துறவு தீட்சை கொடுப்பதாகச் சங்கத்தை நடத்தும் மாதாஜி சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் வீட்டிலிருந்து ஒருவர் வந்து, சபையில் எல்லோர் முன்னிலும் "எங்களுக்குச் சம்மதம்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மாதாஜி தரமாட்டார். அப்பா இல்லை. அம்மாவிடம் ஆள் மூலம் கேட்டனுப்பினேன். "ரிஷப் இன்னா சொல்றானோ அதான்" என்று பதில் வந்தது.

ஆகவே உன்னிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. வந்து சொல்வாயா?

திரிசலா


ஆரணி
15 ஆகஸ்ட் 2024

திரிசலாவுக்கு,

நீ கேட்டதற்குப் பதில் இந்தக் கடிதத்தில் இல்லை. தேடாதே.

உனக்கும் எனக்கும் வேறு ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது. அதைத் தீர்க்காமலே பஸ் ஏறிவிட்டாய். நீ ப்ளஸ் ஒன்னில் முதல் மார்க் எடுத்ததற்கு அப்பா சென்னையிலிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்த கேம் பெட்டியைப் பரண்மேலிருந்து இறக்கியிருக்கிறேன். தூசி தட்டி வயரைச் செருகியதும் உயிர் வந்துவிட்டது. அந்த மலைப்பாதை ரேஸ் அப்படியே இருக்கிறது. நாம் பெயர் வைத்த கார்களில் என் கறுப்பு யானையும் இருக்கிறது, உன் பச்சை வெட்டுக்கிளியும் இருக்கிறது.

யானை நீள மூக்குக்காரன். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் நேர்ரோட்டில் அதைப் பிடிக்க ஆளில்லை. உன் வெட்டுக்கிளி தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்தது. முழு வேகம் போனாலே நடுங்கும். இருந்தும் அதுதான் நல்ல வண்டி என்று வருஷக்கணக்காகச் சாதித்தாய். அதிலேயே ஓட்டி அதிலேயே தோற்றாய். இறக்கத்தில் உருட்டிக்கொண்டு வருவாய், நான் பயந்தாங்கொள்ளி என்பேன். அப்பா பக்கத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டு சிரிப்பார்.

நான் என்ன நினைக்கிறேன் தெரியுமா? தோற்பதற்கென்றே வண்டி எடுப்பவள் நீ. அப்பா போனதும் வாழ்க்கையையும் அப்படியே எடுத்துக்கொண்டாய். நல்ல ஸ்கூல் வேலை, நல்ல இடத்தில் வரன், எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் துறவிகள் ஏந்துகிற மயிலிறகைப் பிடிக்கப் போகிறேன் என்கிறாய்.

ஒரு பந்தயம் வைத்துக்கொள்வோம். இரண்டு வண்டியையும் நானே ஓட்டுகிறேன். ஏமாற்றமாட்டேன், அப்பா மேல் சத்தியம். வெட்டுக்கிளி ஜெயித்தால் வந்து உன் சபையில் சொல்கிறேன். யானை ஜெயித்தால் நீ மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

கடையில் பட்டுச்சேலைக்கு டிசைன் போடும் வேலை எப்போதும்போல் ஓடுகிறது. வருகிற நெசவுக்காரர்கள் எல்லோருக்கும் மயில் வேண்டுமாம். கம்ப்யூட்டரைத் திறந்தாலே மயில். பேஜாராக இருக்கிறது.

ரிஷப்


ஹாசன் பக்கத்துக் கிராமம்
26 ஆகஸ்ட் 2024

அன்பு ரிஷப்,

நீ பிடித்த முயலுக்கு மூன்றே கால், அது எனக்குத் தெரியாதா? கடிதத்தைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். பக்கத்திலிருந்த பெண் என்னவென்று கேட்டாள். தம்பி என்று மட்டும் சொன்னேன்.

பந்தயம் வேண்டாம். சூது ஏழு வியசனத்தில், ஏழு கெட்ட பழக்கத்தில், முதலாவது என்று சின்ன வயதில் கோயில் பாடசாலையில் நீயும்தான் ஒப்பித்தாய். உன் சம்மதத்தைப் பந்தயத்தில் வாங்கினால் அது எனக்கு உதவாது. நான் வீட்டுக்கு வருவதையும் பந்தயத்தில் வைக்க முடியாது.

ஆனால் வெட்டுக்கிளியை நீ ஓட்டப்போகிறாய் என்றால் ஒன்று சொல்லியாக வேண்டும். யானையை ஓட்டுகிற முரட்டுக் கையோடு அதைத் தொடாதே. வளைவுக்குள் போய் பிரேக் பிடித்தால் அதன் பின்பக்கம் லேசாகத் தூக்கும், அப்புறம் சுற்றிக்கொள்ளும். வளைவுக்கு முன்பே காலை எடுத்துவிடு, அதாவது விரலை. ஸ்டியரிங்கைத் திருப்பாதே, தொட்டால் போதும். மூக்கு எங்கே பார்க்கிறதோ அங்கே உடம்பும் போகும். யானையிடம் அந்தக் குணம் கிடையாது, மூக்கு ஒரு பக்கம் பார்க்கும், உடம்பு போன வழியே போய்க்கொண்டிருக்கும். கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியர். உள்பக்கக் கல்லில் ஒரு சக்கரத்தை ஏற்றிவிட்டால் தானாகத் திரும்பும். ஏற்றத்தில் அவசரப்படாதே, அதற்கு மூச்சு வாங்கும்.

இவ்வளவையும் எழுதிவிட்டுப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. விட்டுவிட்டேன் என்று நினைத்ததெல்லாம் விரலுக்குள்ளேயே இருந்திருக்கிறது. மாதாஜியிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. ஒரு நாள் உப்பில்லாமல் சாப்பிடு என்றார். சாப்பிட்டேன்.

அப்பா போனதால்தான் நான் வந்தேன் என்கிறாய். இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எனக்கே சில நாள் அந்தச் சந்தேகம் வருகிறது. அது மட்டும்தானா என்று கேட்டால், அது மட்டும் இல்லை. எப்படி விளங்க வைப்பது என்றுதான் தெரியவில்லை.

அம்மா இருட்டுவதற்குள் சாப்பிடுகிறாரா? கடையிலிருந்து நீ வர நேரமானால் காத்திருக்க வேண்டாம் என்று சொல்.

அக்கா திரிசலா


ஆரணி
8 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

இன்று பத்து நாள் நோன்பு தொடங்குகிறது. அம்மா விடிவதற்கு முன்பே கோயிலுக்குப் போய்விட்டார். நான் உட்கார்ந்து உனக்கு ரேஸ் கணக்கு எழுதுகிறேன். யாருக்குப் புண்ணியம் என்று நீயே முடிவு செய்துகொள்.

பந்தயம் வேண்டாம் என்றால் போகட்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதை நிறுத்த மாட்டேன். இந்த வாரம் முழுக்க மாற்றி மாற்றி ஓட்டினேன். உன் பேச்சைக் கேட்டு வெட்டுக்கிளியை மெதுவாகத்தான் தொட்டேன். முதல் நாள் மூன்று தடவை பள்ளத்தில் விழுந்தேன். பிறகு பிடிபட்டது. ஒத்துக்கொள்கிறேன், வளைவில் அது நல்ல வண்டி. கொண்டை ஊசியில் யானை சுவரில் தேய்த்துக்கொண்டு திரும்புவதற்குள் வெட்டுக்கிளி அடுத்த வளைவைப் பார்த்துவிடுகிறது. பிரேக்கும் அதற்குத்தான் நன்றாகப் பிடிக்கிறது.

ஆனால் வளைவில் சம்பாதித்ததை எல்லாம் நேர்ரோட்டில் கொடுத்துவிடுகிறது. ஏற்றத்தில் நீ சொன்னதுபோலத் திணறுகிறது. யானை அங்கேதான் அள்ளுகிறது. எப்படி ஓட்டினாலும் முடிவில் யானைதான் முன்னால் வருகிறது. பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் வருகிறது. ஆகவே வழக்கு தீர்ந்தது. உன் வண்டி தோற்கிற வண்டி. இனி நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை, பந்தயம்தான் கிடையாதே.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. நேற்று திருமலை வந்திருந்தான். நம் தெருக்கோடியில் தறி வைத்திருப்பவன், பார்டருக்கு நான் போடுகிற மயிலில் முக்கால்வாசி அவனுக்குத்தான். நான் ஓட்டுவதைப் பார்த்துவிட்டுத் தானும் ஆடுகிறேன் என்று உன் வெள்ளை ரிமோட்டைக் கையில் எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இன்னாபா இது, எல்லா பட்டனும் புச்சா கீது, இது ஒண்ணுதான் மொழுக்குனு தேஞ்சி போய்க்கீது" என்றான்.

வாங்கிப் பார்த்தேன். மேலே எழுதியிருந்தது போய், பிளாஸ்டிக் வழவழவென்று ஆகிவிட்டது. என் கறுப்பு ரிமோட்டில் தேய்ந்திருப்பது ஆக்ஸிலேட்டர். உன்னுடையதில் தேய்ந்திருப்பது ஹாரன்.

ரேஸில் யாராவது ஹாரன் அடிப்பார்களா? யானையை ஒதுங்கச் சொல்லி அடித்தாயா? எனக்கு நினைவில்லை. டிவி சத்தத்தை முழுசாக வைத்துக்கொண்டு நான் திரையில் என் பாதியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். எதற்கு அடித்தாய் என்று எழுது.

ரிஷப்


ஹாசன் பக்கத்துக் கிராமம்
19 செப்டம்பர் 2024

அன்பு ரிஷப்,

நோன்பு நேற்று முன்தினம் முடிந்தது. மனத்தாலும் வாக்காலும் உடம்பாலும் தெரிந்தோ தெரியாமலோ உன்னை நோகடித்திருந்தால் மன்னித்துக்கொள். வருஷா வருஷம் வீட்டில் ஒருவரையொருவர் பார்த்து இதைச் சொல்லும்போது நீ சிரிப்பை அடக்குவாய். இந்த வருஷம் எழுத்தில் கேட்கிறேன். நோகடித்தது தெரிந்தேதான். அதற்கும் சேர்த்துக் கேட்கிறேன்.

ஹாரன் கோழிக்காக.

மலையிலிருந்து இறங்கினால் தண்ணீர்த்தொட்டி வரும், அதற்கு அடுத்து ஒரு கிராமம் வருமே, அங்கே கோழிகள் குறுக்கே போகும். நினைவிருக்கிறதா? அடித்தாலும் வண்டி வேகம் குறையாது, மார்க்கும் போகாது. கொஞ்சம் இறகு பறக்கும், அவ்வளவுதான். நீ அதற்குள் புகுந்து இறகு பறக்கவிட்டுக்கொண்டே போவாய். நான் ஹாரன் அடித்துவிட்டு நிற்பேன். அந்தக் கோழிகளுக்கு ஹாரன் காதில் விழாது, கேம் செய்தவர்கள் அதை வைக்கவில்லை. அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் அடிப்பேன். எல்லாம் கடந்த பிறகு கிளம்புவேன். அதற்குள் நீ முடித்துவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருப்பாய்.

பொம்மைக் கோழி என்று தெரியாமல் இல்லை, ரிஷப். விரல் போகாது, அதுதான். வெட்டுக்கிளியை எடுத்ததற்கும் காரணம் அதன் பிரேக்தான். ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நீ வேண்டுமென்றே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து மறுபடியும் ஏற்றியிருப்பாய். மாட்டேன் என்று சொல், பார்க்கலாம்.

போன கடிதத்தில் உனக்கு விளங்க வைக்கத் தெரியவில்லை என்று எழுதினேன். இப்போதும் அப்படித்தான். கேட்டதற்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கார்த்திகைக்கு அதிக நாள் இல்லை. மாதாஜி நேற்றுக்கூட "வீட்டிலிருந்து என்ன செய்தி?" என்றார். வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்று சொன்னேன்.

அக்கா


ஆரணி
6 அக்டோபர் 2024

அக்கா,

உன் கடிதம் வந்து பல நாளாகிவிட்டது. எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். எழுதாமல் விட்டால் நீ என்ன செய்ய முடியும் என்றும் நினைத்தேன். கார்த்திகை போய்விடும், மாதாஜி தரமாட்டார், நீ திரும்பித்தானே ஆகவேண்டும். கடிதத்தை டிசைன் அட்டைகளுக்கு அடியில் போட்டு வைத்திருந்தேன்.

அப்புறம் பொறுக்கவில்லை. கோழியை அடிக்காமல் ஓட்டிப் பார்த்தேன்.

யானையால் முடியவில்லை. தண்ணீர்த்தொட்டி தாண்டிப் பிரேக் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போய்க் கோழிகளின் நடுவில்தான் நிற்கிறது. தொட்டிக்கு முன்பே பிடித்தால் நிற்கிறது, ஆனால் அத்தனை பெரிய உடம்பு மறுபடி வேகம் எடுப்பதற்குள் விடிந்துவிடும். வெட்டுக்கிளி ஊர் வாசல் வரை முழு வேகத்தில் போகிறது, பிரேக் பிடித்த இடத்தில் நிற்கிறது, கோழி போனதும் விருட்டென்று கிளம்புகிறது. நான் ஏமாற்றவில்லை, எத்தனையோ தடவை ஓட்டினேன். கோழியை உயிரோடு விடுவதென்றால் வெட்டுக்கிளிதான் ஜெயிக்கிறது. நீ சொன்னது சரி. அதுதான் நல்ல வண்டி.

சந்தோஷமா? எனக்கு இல்லை. இதைச் சொல்லிவிடுகிறேன், எனக்குத் துளிகூட இல்லை.

அப்பா போன துக்கத்தில்தான் நீ போனாய் என்று நம்பிக்கொண்டிருந்தேன். துக்கம் ஆறும், ஆறினால் வருவாய். அம்மாவிடம் இதையே சொல்லிச் சொல்லித்தான் ஒன்றரை வருஷத்தை ஓட்டினேன். நீ ஸ்கூலுக்கு எடுத்துப் போகிற பையை அம்மா இன்னும் ஆணியில்தான் மாட்டி வைத்திருக்கிறார், கழற்றவிடுவதில்லை. எனக்கிருந்தது அந்த ஒரே நம்பிக்கைதான். இப்போது அந்தப் பட்டனைத் தடவிப் பார்க்கிறேன். அது தேய்ந்தபோது அப்பா கல்லுமாதிரி இருந்தார். பக்கத்திலேயே உட்கார்ந்து கடலை உரித்தார். நீ அப்போதே இப்படித்தான் இருந்திருக்கிறாய். இனி எதைச் சொல்லி உன்னைத் திரும்பக் கூப்பிடுவேன்?

உன்னைத் தோற்கடிக்கத்தான் வண்டியை எடுத்தேன். என் தலையிலேயே மண்ணைப் போட்டுக்கொண்டேன்.

வருகிறேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். சபையில் சம்மதம் என்று சொல்கிறேன். ஆனால் மனசிலிருந்து வருமா என்று கேட்காதே. வராது. செத்தாலும் வராது. எனக்கு உன்னைப் புரிந்துவிட்டது, அவ்வளவுதான். புரிந்தால் வலிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதே.

ரிஷப்


ஹாசன் பக்கத்துக் கிராமம்
3 நவம்பர் 2024

அன்பு ரிஷப்,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

மனசில்லாமல் சொல்கிற சம்மதம் பொய். எனக்காக நீ பொய் சொல்லக் கூடாது, அப்படி ஒரு பொய்யின் மேல் ஏறி நின்று நான் விரதம் எடுக்கக் கூடாது. உன் மனசு மாறும்வரை காத்திருக்கிறேன், வராதே என்று எழுதுவதுதான் முறை. அந்த நான்கில் முதல் கடிதத்தில் அப்படித்தான் எழுதினேன். அதைக் கிழித்தேன். உன் மனசு மாறாது. எனக்கும் காத்திருக்கப் பொறுமை இல்லை.

மாதாஜியிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். ஒருவர் படித்துத் தமிழிலிருந்து கன்னடத்தில் சொன்னார். மாதாஜி அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அழுதுகொண்டு கொடுத்தாலும் கொடுத்ததுதான். பொய் எங்கே இருக்கிறது? வலிக்கிறது என்று உண்மையைத்தானே எழுதியிருக்கிறான்?" என்றார். எனக்கு அது போதுமா என்று தெரியவில்லை. போதும் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் பேராசைக்காரி, ரிஷப். எல்லாவற்றையும் விடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, உன்னிடமிருந்து இதை மட்டும் பிடுங்கிக்கொள்கிறேன்.

பயமாகவும் இருக்கிறது. தலைமுடியைக் கையாலேயே பறிப்பார்கள். வலியை நினைத்துப் பயமில்லை. அம்மா பார்த்துக்கொண்டிருப்பாரே என்றுதான் பயம். அம்மாவை முன்வரிசையில் உட்கார வைக்காதே. ஓரமாக வை.

அன்றைக்குப் பிறகு நான் உனக்கு அக்கா இல்லை. நீ பஸ் ஸ்டாண்டில் சொன்னது நடந்துவிட்டது, கொஞ்சம் தாமதமாக. இனி கடிதம் எழுதமாட்டேன். நீ எழுதினால் எனக்குப் படித்துக் காட்டுவார்களா என்பது மாதாஜி கையில் இருக்கிறது. எழுதாமல் இருப்பதே உனக்கு நல்லது.

பையை ஆணியிலிருந்து எடுத்துவிடச் சொல். யாராவது பெண் பிள்ளை படிக்கப் போனால் கொடுக்கச் சொல்.

இந்த ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

உன் அக்கா


ஆரணி
1 டிசம்பர் 2024

அக்கா,

புதுப் பெயர் வைத்ததைக் கேட்டேன். உறையின்மேல் அதைத்தான் எழுதியிருக்கிறேன், உள்ளே எழுத வரவில்லை. இதை உனக்குப் படித்துக் காட்டுவார்களோ மாட்டார்களோ தெரியாது.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "சம்மதம்" என்று ஒரே வார்த்தைதான் வந்தது. பக்கத்திலிருந்தவர் அதைக் கன்னடத்தில் நீளமாகச் சொன்னார். நான் சொல்லாததை எல்லாம் சேர்த்துச் சொன்னார் என்று நினைக்கிறேன். நீ தலை நிமிரவில்லை.

அம்மாவை ஓரமாகத்தான் வைத்தேன். முடி பறிக்கும்போது அம்மா கண்ணை மூடவில்லை. முடிந்ததும் எல்லோரும் வரிசையில் வந்து உன்னை வணங்கினார்கள். அம்மாவும் போனார். பெற்ற மகள் முன்னால் குனிந்து "வந்தாமி" என்றார். நீ மற்றவர்களுக்குச் செய்ததுபோலவே அம்மாவுக்கும் கையைத் தூக்கி ஆசி சொன்னாய். நான் வரிசையில் வரவில்லை. நீ தேடியிருக்கமாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன்.

சாயங்காலம் ஊர்வலம் போனபோது நான் கூட்டத்தில் பின்னால் இருந்தேன். நீ உனக்கு முன்னால் நான்கு முழத் தரையைப் பார்த்தபடி நடந்தாய். கோயில் திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்பே உன் நடை தளர்ந்தது. திருப்பத்தில் நின்றாய். கூட்டம் இடித்துக்கொண்டு நின்றது, மேளக்காரர் ஒருவர் முன்னாலிருந்தவர் மேலேயே விழுந்தார். என்னவென்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எறும்பு வரிசை. எனக்கு எட்டிப் பார்க்கத் தேவைப்படவில்லை. வளைவுக்கு முன்பே நீ காலை எடுத்ததைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சட்டைப் பைக்குள் என் கட்டைவிரல் தானாக அழுத்திக்கொண்டிருந்தது. எறும்பு போனதும் நீ போய்விட்டாய். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று சங்கத்தில் சொன்னார்கள்.

ஊருக்கு வந்து அம்மா பையை ஆணியிலிருந்து எடுத்தார். யாருக்கும் கொடுக்கவில்லை, பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

நேற்று கேமைப் போட்டேன். வெட்டுக்கிளியைத் தொட மனம் வரவில்லை, யானையைத்தான் எடுத்தேன். உன் வெள்ளை ரிமோட்டில் ஓட்டினேன். தொட்டிக்கு வெகு முன்பே பிரேக் பிடித்து, ஊர் வாசலில் நிறுத்தி, ஹாரன் அடித்தேன். கோழிகளுக்குக் கேட்கவில்லை. ஒவ்வொன்றாகக் கடந்தன. கடைசிக் கோழியும் போய்ச் சேர்ந்தது.

அம்மா பின்னால் வந்து நின்றிருப்பதை நான் கவனிக்கவில்லை.

"அதுங்க எல்லாம் போய்டுச்சேடா. இன்னும் இன்னாத்துக்கு நின்னுகினு கீற?" என்றார்.

போகலாம்தான், அக்கா. ரோடு காலியாகத்தான் இருக்கிறது. விரல் போகவில்லை.

ரிஷப்